ஒரே பிடியில் கடைந்த இன்ஜின்



ஒன்றரை சி.சி. அளவுள்ள ஓர் இன்ஜினை வீட்டு லேத்தில் முழுக்க நாமே கடைந்து ஓட்டுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே பட்டறைக்காரர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நம்ம லேத்துல அந்த அக்யூரசி வருமாங்க?" நியாயமான கேள்வி. பழைய லேத், தேய்ந்த பெட், மூன்று தாடை சக்கில் பிடித்தால் ஜாப் ஐம்பது மைக்ரானாவது ஆடும். அதை வைத்துக்கொண்டு இரண்டு மைக்ரான் பொருத்தத்துக்குப் பிஸ்டன் கடைய முடியுமா? முடியும். நான் சொல்ல வந்ததே அதுதான். அந்தப் பொருத்தம் லேத்தின் துல்லியத்தால் கிடைப்பதில்லை. வேலையை எந்த வரிசையில் செய்கிறோம், ஜாபை எப்போது சக்கிலிருந்து கழற்றுகிறோம், எந்தப் பாகத்தை எதற்குப் பொருத்துகிறோம் என்பதில்தான் கிடைக்கிறது.

முதலில் அந்த இரண்டு மைக்ரான் எதற்கு என்று பார்த்துவிடுவோம். உங்களில் பலர் ஏறி வந்திருக்கும் ஸ்ப்ளெண்டர் வண்டியின் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5 மி.மீ., கொள்ளளவு 97.2 சி.சி. நாம் செய்யப்போகும் இன்ஜினுக்குப் போர் 12 மி.மீ., ஸ்ட்ரோக் 13 மி.மீ. என்று வைத்தால் 1.47 சி.சி. வருகிறது. போர் சுமார் நாலில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. கொள்ளளவோ 66-இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அமுங்கிய காற்று தப்பிப்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வட்டமான இடுக்கு வழியாக. அந்த வட்டத்தின் சுற்றளவு நாலில் ஒன்றாகத்தான் சுருங்கியிருக்கிறது, உள்ளே பிடித்து வைக்க வேண்டிய காற்றோ 66-இல் ஒன்றுதான். ஆகவே இரண்டு இன்ஜினிலும் இடுக்கு ஒரே அளவாக இருந்தால், சின்ன இன்ஜின் தன் காற்றை ஏறக்குறைய 16 மடங்கு வேகமாக இழக்கும். போதாக்குறைக்கு வண்டியின் பிஸ்டனில் ரிங் இருக்கிறது. நம் பிஸ்டனில் ரிங் கிடையாது. வெறும் இரும்புக்கும் எஃகுக்கும் நடுவில் ஒரு படலம் எண்ணெய், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். மெல்லிய இடுக்கில் கசிவு, இடுக்கின் அகலத்துக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. இடுக்கு இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். இரண்டு மைக்ரானுக்குப் பதில் நாலு மைக்ரான் விட்டவர் தன் இன்ஜின் கொஞ்சம்தான் தளர்ந்திருக்கிறது என்று நினைப்பார். அது எட்டு மடங்கு கசிந்துகொண்டிருக்கும்.

இப்படிக் கசியும் இன்ஜின் ஓடவே ஓடாது என்று சொல்லவில்லை. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றில் ஒரு சுற்றுக்கு ஆறு மில்லிசெகண்டுதான் ஆகிறது. அமுக்கத்துக்குக் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. அந்த நேரத்தில் காற்று தப்பித்துப் போக அவகாசம் இல்லை. ஆனால் கிளப்பும்போது நாம் விரலால் காற்றாடியைச் சுண்டுகிறோம். விரலின் வேகம் அதில் எத்தனையோ மடங்கு குறைவு. காற்று நிதானமாகக் கசிந்து வெளியேறிவிடும், உள்ளே சூடு ஏறாது, தீப்பிடிக்காது. ஓடும்போது பொறுத்துக்கொள்ளும் குறையைக் கிளப்பும்போது இன்ஜின் பொறுத்துக்கொள்வதில்லை. அரை நாள் சுண்டிச் சுண்டி விரல் வீங்கியவர்கள் எரிபொருளைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குறை பிஸ்டனில் இருக்கும்.

தீப்பிடிப்பது எப்படி என்றும் சொல்ல வேண்டும். நான் பரிந்துரைக்கும் இந்த வகை இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை, காயில் இல்லை, பேட்டரி இல்லை. மாடல் விமானக்காரர்கள் இதை டீசல் என்பார்கள். லாரி டீசலைப் போல எரிபொருளை உள்ளே பீச்சும் பம்ப் இதில் கிடையாது. காற்றும் எரிபொருளும் கலந்தே உள்ளே போகின்றன. எரிபொருள் என்பது ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறக்குறைய சம பங்கு, கூடவே நூற்றுக்கு ஒன்றரை இரண்டு பங்கு அமைல் நைட்ரேட். ஈதர் 160 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே தானாகத் தீப்பிடிக்கும். 18-க்கு 1 என்ற அளவில் காற்றை அமுக்கினால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். விளக்கெண்ணெய் பாகங்களுக்கு மசகாகவும் இடுக்கை அடைக்கும் படலமாகவும் வேலை செய்கிறது. ஈதர் எவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும் என்று வேதியியல் ஆய்வகத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். கலப்பதைத் திறந்த வெளியில், சிறு அளவில், பக்கத்தில் நெருப்போ ஸ்விட்சோ இல்லாமல் செய்யுங்கள். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

18-க்கு 1 என்றால் எவ்வளவு இடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.47 சி.சி.யை 17-ஆல் வகுத்தால் 0.086 சி.சி. 12 மி.மீ. போரில் அது 0.76 மி.மீ. உயரம். பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது தலைக்கு மேல் முக்கால் மி.மீ. இடம்தான் இருக்க வேண்டும். கனெக்டிங் ராடு கால் மி.மீ. நீண்டுவிட்டால் கணக்கே கெட்டுவிடும். இதற்கு அந்தக் காலத்திலேயே ஒரு நல்ல வழி கண்டுபிடித்துவிட்டார்கள். சிலிண்டரின் தலையை நிரந்தரமாக மூடாமல், மேலிருந்து இன்னொரு குட்டிப் பிஸ்டனை இறுக்கமாகச் செருகி, ஒரு திருகால் அதை ஏற்றி இறக்குவார்கள். எதிர்ப் பிஸ்டன் என்று வைத்துக்கொள்வோம். திருகை இறுக்கினால் அது இறங்கும். தளர்த்தினால் உள்ளே எரியும் வாயுவே அதை மேலே தள்ளிவிடும். ராடு நீளத்தில் வரும் பிழையை இந்தத் திருகு விழுங்கிவிடுகிறது.

1940களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் வந்த டைனோ என்ற இரண்டு சி.சி. இன்ஜினிலிருந்து இந்த வகை பரவியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1946-இல் இங்கிலாந்தில் மில்ஸ் 1.3 வந்தது. 1947-இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் குளோ பிளக்கைக் கொண்டுவந்த பிறகு அந்த நாடு மெத்தனால் எரிபொருளின் பக்கம் போய்விட்டது. ஐரோப்பா இந்த டீசலை விடவில்லை. என்.சி.சி. விமானப் பிரிவில் மாடல் விமானம் பறக்கவிட்டவர்கள் இங்கே இருந்தால் சின்ன இன்ஜினின் சத்தம் அவர்கள் காதில் இன்னும் இருக்கும்.

வீட்டு லேத்தில் இன்ஜின் செய்யும் பழக்கத்துக்கு அச்சில் வழிகாட்டியது இங்கிலாந்தின் 'மாடல் இன்ஜினியர்' பத்திரிகை. பெர்சிவல் மார்ஷல் 1898-இல் தொடங்கியது. அதில் எட்கர் வெஸ்ட்பரி என்பவர் பல பத்தாண்டுகள் சின்ன பெட்ரோல் இன்ஜின்களின் வரைபடங்களை, ஒவ்வொரு பாகத்தையும் எப்படிப் பிடித்து எப்படிக் கடைவது என்ற விளக்கத்தோடு எழுதினார். அவர் வாசகர்களிடம் இருந்தவை மூன்றரை அங்குல மைய உயரமுள்ள சின்ன லேத்துகள். 1946-இல் வந்த மைஃபோர்டு எம்.எல். 7 அந்த அளவுதான். அதைவிடப் பெரிய, கனமான லேத் இன்று கோவையின் பீளமேட்டிலும் கணபதியிலும் சந்துக்குச் சந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே இயந்திரம் போதாது என்ற பேச்சை இந்த ஊரில் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

இயந்திரத்தைவிடத் துல்லியமான பொருளை இயந்திரத்தால் செய்ய முடியும் என்பதற்கு வரலாற்றில் இரண்டு பேரைச் சொல்கிறேன். ஜேம்ஸ் வாட் தன் நீராவி இன்ஜினின் யோசனையைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு ஒழுங்கான சிலிண்டர் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் தவித்தார். அன்றைய துளைக்கும் முறையில் கட்டரைத் தாங்கிய தண்டு ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்டு மறுமுனையில் தொங்கியது. வார்ப்பில் இருந்த கோணலைப் பின்பற்றியே அது போகும். 1770களின் நடுவில், நான் சொல்லும் முதலாமவரான ஜான் வில்கின்சன் அந்தத் தண்டைச் சிலிண்டரின் ஊடாகவே செலுத்தி, இரண்டு முனையிலும் தாங்கினார். மாற்றியது அவ்வளவுதான். ஐம்பது அங்குல சிலிண்டர் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமன் அளவுகூடத் தவறவில்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் 1776-இல் எழுதினார். இரும்பு மாறவில்லை, கட்டர் மாறவில்லை. தாங்கும் முறைதான் மாறியது.

இரண்டாமவர் ஜோசப் விட்வர்த். தட்டையான இரும்புப் பரப்பு ஒன்றை, முன்மாதிரி எதுவும் இல்லாமல் எப்படி உண்டாக்குவது என்று 1840-இல் கிளாஸ்கோவில் ஒரு கட்டுரை வாசித்தார். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று தேய்த்தால் இரண்டும் அழகாகப் பொருந்தும். ஆனால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருக்கலாம். மூன்றாவது தகடு ஒன்றைச் சேர்த்து, மூன்றையும் இரண்டிரண்டாக மாற்றி மாற்றி ஒப்பிட்டுச் சுரண்டினால், மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த ஒரே வழிதான் உண்டு: மூன்றும் தட்டையாக இருப்பது. அளவுகோல் எதுவும் இல்லாமல், முறையிலிருந்து மட்டுமே தட்டையை உண்டாக்கினார். நம் பிஸ்டனுக்கும் லைனருக்கும் இதே நியாயம் பொருந்தும். பிஸ்டனையும் லைனரையும் நேரடியாக ஒன்றில் ஒன்று போட்டு எமரி பேஸ்ட் வைத்துத் தேய்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்து தேயும். லைனரின் வாய் அகலும், பிஸ்டனின் முனை கூராகும், இரண்டும் பொருந்துவது போலவே தோன்றும். மூன்றாவது ஒரு பொருள் வேண்டும். அதுதான் லேப்.

லைனரிலிருந்து தொடங்குவோம். எளிதாக வெட்டுப்படும் மைல்டு ஸ்டீல் ராடு போதும். நீளமாக ஒரு துண்டைச் சக்கில் பிடியுங்கள். வெளிப்புறம், மேலே கேஸ் மீது உட்காரும் விளிம்பு, உள்ளே டிரில், பிறகு போரிங் பாரால் போர், எல்லாவற்றையும் அந்த ஒரே பிடியில் முடித்துவிட்டு, கடைசியில்தான் வெட்டி எடுக்க வேண்டும். சக் ஐம்பது மைக்ரான் ஆடினால் ஆடட்டும். பிடியை விடாத வரை வெளிவட்டமும் உள்வட்டமும் விளிம்பின் முகமும் லேத்தின் ஒரே அச்சைச் சுற்றித்தான் வரும். சக்கின் பிழை, ஜாபைக் கழற்றி மறுபடி பிடிக்கும் அந்த நொடியில்தான் உள்ளே நுழைகிறது. பழைய டர்னர்கள் பிடிப்பதற்கென்று ராடில் அரை அங்குலம் கூடுதலாக விட்டு வைப்பார்கள். மெட்டீரியலை வீணாக்குகிறார்கள் என்று மேஸ்திரி திட்டுவார். அந்த அரை அங்குலத்தில்தான் அவர்களுடைய துல்லியம் முழுவதும் இருந்தது.

போரை 12 மி.மீ.க்கு இருபது, இருபத்தைந்து மைக்ரான் குறைவாக விடுங்கள். பிறகு புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் துளைகளையும் கலவை உள்ளே வரும் டிரான்ஸ்ஃபர் துளைகளையும் வெட்டி, உள்ளே எழும் பிசிறை எடுத்துவிடுங்கள். லேப்பிங் அதற்குப் பின்புதான். வரிசையை மாற்றி முதலில் லேப் செய்து பிறகு துளை வெட்டினால், சுவரில் இருக்கும் இழுவிசை விடுபட்டு, வட்டமாக இருந்த போர் துளையின் அருகே உள்வாங்கிவிடும். அதை யாரும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

லேப் என்பது அலுமினிய ராடில் கடைந்த ஒரு தண்டு. போருக்குள் வழுக்கிப் போகும் அளவு, லைனரைவிட நீளமாக. நடுவே துளையிட்டு, நீளவாக்கில் ஒரு கோடு அறுத்து, கூம்பு முனைத் திருகு ஒன்றைப் போட்டால், திருகை இறுக்க லேப் விரியும். லேப் எப்போதும் ஜாபைவிட மென்மையாக இருக்க வேண்டும். அப்போதுதான் எமரித் துகள் லேப்பில் பதிந்துகொண்டு ஜாபை வெட்டும். லேப்பைச் சக்கில் பிடித்து மெதுவாக, 200, 300 சுற்றில் ஓடவிட்டு, லைனரைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். துணி சுற்றிப் பிடிக்க வேண்டாம், கையுறையும் வேண்டாம்; சக் அவற்றை இழுத்துக்கொள்ளும். வழுக்கினால் கையிலிருந்து நழுவிவிடும்படி இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்தால் போதும்.

இந்த நேரத்தில் கைக்கு ஒரு படிப்பு கிடைக்கிறது. போரில் இறுக்கமான இடம் வரும்போது லைனர் விரல்களைச் சுழற்ற முயலும். அகலமான இடத்தில் விட்டுவிடும். முன்னும் பின்னும் நகர்த்தும்போதே போரின் உருவம் முழுவதும் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. இறுக்கமான இடத்தில் கொஞ்சம் நேரம் நில்லுங்கள். முனைகளில் லேப்பை அதிகம் வெளியே இழுக்காதீர்கள், வாய் மணி போல அகன்றுவிடும். 600 நம்பர் துகளில் தொடங்கி அதைவிட நைசானதற்குப் போகும்போது, பழையதை முழுக்கக் கழுவிவிட்டு வேறு லேப் எடுக்க வேண்டும். முடிந்த போர் சாம்பல் நிறத்தில், ஒரே சீராக, எங்கும் வரி இல்லாமல் இருக்கும். அடிப்பக்கம் ஒரு துளி தளர்வாகவும் மேல்பக்கம் இறுக்கமாகவும் இருந்தால் நல்லது. அமுக்கம் வேண்டியது மேலேதான்.

முடித்த போரின் அளவு 12.00 மி.மீ. இருக்கிறதா, 12.04 இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இரண்டும் ஒன்றுதான். இந்த லைனருக்குள் வேறு யாருடைய பிஸ்டனும் போகப் போவதில்லை. தொழிற்சாலையில் ஆயிரம் பிஸ்டனில் எதை எடுத்தாலும் ஆயிரம் லைனரில் எதிலும் பொருந்த வேண்டும். அதற்கு அளவு வேண்டும், கேஜ் வேண்டும், விலையுயர்ந்த கிரைண்டிங் மெஷின் வேண்டும். நமக்கு ஒரு பிஸ்டன், ஒரு லைனர். பத்து மைக்ரான் காட்டும் சாதாரண மைக்ரோமீட்டரால் இரண்டு மைக்ரானை அளக்கவே முடியாது, அளக்கத் தேவையும் இல்லை. உள்வட்டத்தைக் கட்டுப்படுத்துவது கஷ்டம், வெளிவட்டத்தைக் கட்டுப்படுத்துவது எளிது. அதனால்தான் லைனரை முதலில் முடித்துவிட்டு, பிஸ்டனை அதற்குப் பொருத்துகிறோம்.

பிஸ்டனுக்கு வார்ப்பிரும்பு. நைசான மணியுள்ள நல்ல வார்ப்பிரும்பு ராடு இந்த ஊரில் கிடைக்கும். அதற்குள் இருக்கும் கிராஃபைட் எண்ணெயைப் பிடித்து வைக்கும். சூட்டில் விரிவதும் எஃகுக்கு மிக அருகில். அலுமினியத்தில் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். 12 மி.மீ. அலுமினியப் பிஸ்டன் 150 டிகிரி சூடேறினால் 41 மைக்ரான் விரியும். எஃகு லைனர் 22 மைக்ரான்தான் விரியும். இருபது மைக்ரான் வித்தியாசம். குளிர்ந்தபோது இரண்டு மைக்ரான் பொருத்தினால் ஓடும்போது பிடித்துக்கொள்ளும். ஓடும்போது பொருத்தமாக விட்டால் கிளம்பாது. பின்னாளில் பித்தளை லைனரில் குரோமியம் பூசி, அலுமினியப் பிஸ்டன் போட்டுத் தொழிற்சாலைகள் இதைத் தீர்த்தன. வீட்டில் குரோமியம் பூச முடியாது. வார்ப்பிரும்பே நமக்குச் சரி.

பிஸ்டனையும் ஒரே பிடியில், பின்னால் பிடிக்கக் கூடுதல் நீளம் விட்டுக் கடையுங்கள். உள்ளே குடைந்து எடைகுறைத்து, ராடைக் கோக்கும் பின்னுக்குத் துளை போட்டு, பிசிறு எடுத்த பிறகே வெளிப்புற லேப். இதற்கான லேப் ஓர் அலுமினிய வளையம், ஒரு பக்கம் அறுத்து, இறுக்க ஒரு திருகு. லேத்தில் பிஸ்டன் சுற்ற, வளையத்தைக் கையில் பிடித்து ஓட்ட வேண்டும். கொஞ்சம் தேய்த்தல், கழுவுதல், ஆறவிடுதல், லைனரில் அடிப்பக்கமாக நுழைத்துப் பார்த்தல், மறுபடி தேய்த்தல். ஆறவிடுதல் என்று சொன்னதை யாரும் தாண்டிப் போகக் கூடாது. 12 மி.மீ. இரும்பு பத்து டிகிரி சூட்டுக்கு ஒரு மைக்ரானுக்கு மேல் விரிகிறது. லேப்பிங்கின் உராய்வில் பிஸ்டன் இருபது முப்பது டிகிரி எளிதாக ஏறிவிடும். சூட்டோடு லைனரில் போட்டுப் பார்த்து, சரியாகப் பொருந்திவிட்டது என்று நிறுத்தியவருக்கு, ஆறியதும் அது தளர்ந்து போயிருக்கும். கிண்ணத்தில் மண்ணெண்ணெய் வைத்து லைனரையும் பிஸ்டனையும் அதிலேயே ஒன்றாகப் போட்டு வையுங்கள். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு சோதியுங்கள். மே மாதத்து மத்தியானத்தில் கையில் ஒன்றையும் மேசையில் ஒன்றையும் வைத்துக்கொண்டு பொருத்தம் பார்க்கவே கூடாது.

பொருத்தம் சரியா என்பதைக் கைதான் சொல்லும். துடைத்துக் காய்ந்த பிஸ்டன், அடியிலிருந்து சிரமமில்லாமல் நுழைந்து, மேல் பகுதிக்குப் போகப்போக இறுகி, உச்சிக்குச் சற்று முன்னால் நின்றுவிட வேண்டும். ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டால் அந்தத் தூரத்தையும் கடந்து போக வேண்டும். லைனரின் மேல்வாயைக் கட்டை விரலால் அழுத்தி மூடி, பிஸ்டனை அடியிலிருந்து மேலே தள்ளிவிட்டு விடுங்கள். காற்று அதைத் திரும்பத் தள்ள வேண்டும். அழுத்திப் பிடித்து வைத்தால் அப்படியே தாங்கி நிற்க வேண்டும். சீறும் சத்தம் கேட்டால் பிஸ்டனை எடுத்து வைத்துவிட்டு வேறொன்று கடையுங்கள். வார்ப்பிரும்புத் துண்டின் விலை ஒரு டீயின் விலையைவிடப் பெரிதாக அதிகமில்லை.

கழுவுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். முதலில் மண்ணெண்ணெய், பிறகு சுடுதண்ணீரும் சோப்பும், பிரஷ் போட்டு. வெள்ளைத் துணியால் போரைத் துடைத்தால் துணியில் சாம்பல் நிறம் துளியும் வரக்கூடாது. வந்தால் மறுபடி. உள்ளே ஒளிந்திருக்கும் எமரி, இன்ஜின் ஓடும்போதும் லேப்பிங்கைத் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

கிராங்க்ஷாஃப்டுக்கு வருகிறேன். ஈ.என். 24 ராடில் ஒரே துண்டாகக் கடைவது. ஜர்னல் 8 மி.மீ., கிராங்க் பின் 4 மி.மீ., ஸ்ட்ரோக் 13 என்பதால் பின் 6.5 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். இதிலும் எது முக்கியம், எது முக்கியமில்லை என்று பிரித்துப் பார்த்தால் பாதி பயம் போய்விடும். 6.5-க்குப் பதில் 6.45 வந்தால் இன்ஜினுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பின்னின் அச்சு ஜர்னலின் அச்சுக்கு இணையாக இல்லாவிட்டால், கனெக்டிங் ராடு ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டனை முன்னும் பின்னும் சாய்க்கும். இணையை உறுதி செய்ய ஓர் எளிய வழி உண்டு. தடித்த ராடின் துண்டு ஒன்றை ஃபேஸ்பிளேட்டில் கட்டி, அதில் 8 மி.மீ.க்குப் போர் செய்து, பக்கவாட்டில் அறுத்து இறுக்கத் திருகு போட்டு, ஃபேஸ்பிளேட்டின் மேலேயே 6.5 மி.மீ. நகர்த்திக் கட்டுங்கள். அந்தத் துளையைப் போட்டது அதே லேத், நகர்ந்தது அதே முகத்தின் மேல் என்பதால் அது லேத்தின் அச்சுக்கு இணையாகத்தான் இருக்கும். முடித்த ஜர்னலை அதில் செருகி இறுக்கி, பின்னைக் கடையுங்கள். ஃபிக்சரை ஃபேஸ்பிளேட்டிலிருந்து எடுக்காமலே இந்த வேலை முடிய வேண்டும். பின், கிராங்க்கின் பக்கத் தகடான வெப்பைச் சேரும் மூலையைக் கூர்மையாக விட வேண்டாம், டூலின் முனையை உருட்டி ஒரு வளைவு விடுங்கள். கூர்மையான மூலையிலிருந்துதான் ஷாஃப்ட் ஒருநாள் அறுந்து போகும்.

கிராங்க்கேஸ் அலுமினியக் கட்டையில் எடுக்கலாம். ஷாஃப்ட் போகும் துளையும் லைனர் உட்காரும் துளையும் செங்குத்தாக இருக்க வேண்டும் என்பதே இதில் ஒரே நிபந்தனை. ஷாஃப்டின் துளையை முதலில் முடித்து, அதில் இறுக்கமாகப் பொருந்தும் நேரான ராடு ஒன்றைச் செருகி, இரண்டு பக்கமும் வெளியே நீட்டியபடி விடுங்கள். கேஸை ஃபேஸ்பிளேட்டில் கட்டி, நீட்டிய ஒரு முனையில் டயலின் முள்ளை வைத்துப் படியுங்கள். ஃபேஸ்பிளேட்டை அரைச் சுற்றுத் திருப்பி, மறுமுனையை அதே முள்ளுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் செங்குத்து. வித்தியாசம் இருந்தால், அடியில் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யுங்கள். மூலைமட்டம் எதுவும் தேவையில்லை. திருப்பிப் போட்டுப் பார்க்கும்போது பிழை இரண்டு மடங்காகத் தெரிவதால் சின்னப் பிழைகூட ஒளிய முடியாது. எனக்கு இந்த வேலை முழுவதிலும் மிகப் பிடித்த செட்டிங் இதுதான்.

கனெக்டிங் ராடின் இரண்டு துளைகளையும் ஒரே கட்டில், வைஸிலிருந்து எடுக்காமல் போடுங்கள். டியூராலுமின் நல்லது. துளை மையங்களின் தூரம் கால் மி.மீ. வரை தப்பினாலும் எதிர்ப் பிஸ்டன் பார்த்துக்கொள்ளும். இணை தப்பினால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

எல்லாம் சேர்ந்து இன்ஜின் கிளம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காற்றாடி சுற்றும் வட்டத்துக்கு நேராக யாரையும் நிற்கவிடாதீர்கள். விரலில் தடித்த ரப்பர் உறை போடுங்கள். முதல் ஓட்டங்கள் குறுகியதாக, எரிபொருள் அதிகமாகவும் அமுக்கம் குறைவாகவும் இருக்கட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் முழுவதும் ஆறட்டும். சில ஓட்டங்களுக்குப் பிறகு பிரித்து, பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எங்கெங்கே உராய்கிறதோ அங்கங்கே சாம்பல் நிறம் போய்ப் பளபளப்பு வந்திருக்கும். சுற்றிலும் ஒரே சீராகப் பளபளத்தால் நல்லது. முன்பக்கம் மேலேயும் பின்பக்கம் கீழேயும் மட்டும் பளபளத்தால் பிஸ்டன் சாய்ந்து ஓடுகிறது என்று அர்த்தம். சாய்ப்பது ராடா, கேஸா? ராடை மட்டும் முன்பின்னாகத் திருப்பிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். பளபளப்பு எதிர்ப்பக்கம் மாறினால் பிழை ராடின் துளைகளில் இருக்கிறது. இருந்த இடத்திலேயே இருந்தால் கேஸின் செங்குத்தில் இருக்கிறது. முன்னும் பின்னும், மேலும் கீழும் என்று எல்லா ஓரத்திலும் பட்டை விழுந்திருந்தால் கிராங்க் பின்னைப் பாருங்கள். ராடு என்றால் வேறொன்று வெட்டுவது ஒரு மாலை வேலை. கேஸ் என்றால் லைனர் துளையைச் சற்றுப் பெரிதாக்கி, செங்குத்தாகப் போர் செய்து, புஷ் ஒன்று போட்டுவிடலாம். எதுவானாலும் அந்த லைனரைத் தூக்கிப் போட வேண்டாம். பிஸ்டன் மட்டும் தேய்ந்திருந்தால் அதே லைனருக்கு இன்னொன்று பொருத்திக்கொள்ளலாம்.